தம்பி ஒட்டிக் கொடுத்த பெயர்

கார் கண்ணாடி ஒழுகுகிறது என்று வருகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் வரும்போதே வரிந்துகட்டிக்கொண்டுதான் வருவார்கள். வீட்டுக் கூரை ஒழுகினால் கொத்தனாரைத் திட்ட வேண்டும், வண்டி ஒழுகினால் கண்ணாடிக்காரனைத் திட்ட வேண்டும். பழங்காநத்தத்தில் இருபத்திரண்டு வருடமாக அந்தத் திட்டை நான் வாங்கிக்கொண்டிருக்கிறேன். என் பெயர் அழகுமலை. எனக்குப் பொறுமை கிடையாது என்று வீட்டில் சொல்வார்கள், அது உண்மைதான். யாராவது ஒன்று சொன்னால் நான் இரண்டு சொல்லிவிடுவேன். ஆனால் தங்கப்பொண்ணு வந்த அன்று எனக்கு அந்த ஒன்றைச் சொல்லவே இடம் கிடைக்கவில்லை.

ஐப்பசி மாதம். முந்தின நாள் சாயங்காலம் நல்ல மழை. காலையில் கடையைத் திறந்து சாமி படத்துக்குப் பத்தி கொளுத்திக்கொண்டிருந்தேன். ஒரு வெள்ளை வாடகைக் கார் வந்து வாசலில் நின்றது. இறங்கியது ஒரு பெண். நாற்பது, நாற்பத்திரண்டு வயது இருக்கும். சேலைக்கு மேலே காக்கிச் சட்டை போட்டிருந்தாள். ஒரு கையில் சொட்டச் சொட்ட ஈரமான கால்மிதி, இன்னொரு கையில் என் கடை பில்.

பில் என் கையெழுத்துதான். ஒன்றரை வருடத்துக்கு முன்னால் திருமங்கலம் அழகுபாண்டி என்ற பெயருக்குப் போட்டது. முன் கண்ணாடி மாற்றியது, ஒழுக்குக்கு இரண்டு வருடம் கேரண்டி. அந்த அழகுபாண்டி தன் தம்பி என்றாள். தான் இந்த வண்டியை ஆவணி மாதம் தம்பியிடமிருந்து வாங்கியதாகவும், முதல் மழைக்கே முன் சீட்டில் குளம் கட்டிவிட்டது என்றும், கேரண்டி எழுதிக் கொடுத்தவன் தன் செலவில் சரிசெய்து தர வேண்டும் என்றும் ஒரே மூச்சில் சொன்னாள். பக்கத்து டீக்கடையில் நின்றவர்கள் எல்லோரும் கிளாஸைக் கையில் பிடித்துக்கொண்டு எங்களையே பார்த்தார்கள்.

வண்டியைப் பார்த்ததும் எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. அன்றைக்குப் பழைய கண்ணாடியைக் கழற்றியபோது, மேலே கூரைத் தகடு மடிகிற இடத்தில் நடுவாக ஒரு ரூபாய்க் காசு அளவுக்குத் துரு பிடித்திருந்தது. அதைச் சுரண்டி, பெயிண்ட் வைத்து, அதன்மேல்தான் பேஸ்ட் வைத்துக் கண்ணாடியை ஒட்டினேன். “தம்பி, இதைச் சீக்கிரம் ஒரு டிங்கர்கிட்ட காட்டிருங்க, தின்னுக்கிட்டே போயிரும்” என்று அழகுபாண்டியிடம் சொன்னேன். அவனும் சரி அண்ணே என்று தலையாட்டினான். சொன்னதோடு விட்டேனே தவிர, பில்லில் எழுதவில்லை. அது என் தப்பு. இத்தனை வருடம் தொழில் செய்கிறவன் அதைச் செய்திருக்க வேண்டும்.

இதைத் தங்கப்பொண்ணிடம் சொன்னேன். அவள் பில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, எங்கே எழுதியிருக்கிறது, காட்டுங்கள் என்றாள். துரு என்று தெரிந்திருந்தால் தன் தம்பி தன்னிடம் சொல்லாமல் விட்டிருப்பானா என்று கேட்டாள். அவள் தம்பியை எனக்கு அரைமணி நேரம்தான் தெரியும்.

வாக்குவாதத்தில் ஜெயிக்க முடியாதென்று தெரிந்ததும் பசை துப்பாக்கியை எடுத்தேன். இரண்டு பக்கவாட்டிலும் கீழேயும் புதிதாகப் பேஸ்ட் கொடுத்தேன், காசு வாங்கவில்லை. மேல்பக்கத்தைத் தொட முடியவில்லை. அங்கே ஒரு சாண் அகலத்துக்கு, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும், சிவப்பும் மஞ்சளுமாகச் ‘சோணைச்சாமி துணை’ என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. மதுரைப் பக்கம் கண்ணாடியில் பெயர் இல்லாத வண்டி ஏது? சாமி பெயர் இருக்கும், இல்லாவிட்டால் பிள்ளைகள் பெயர் இருக்கும். அதெல்லாம் எனக்குப் புதிதில்லை. ஆனால் இது ஒட்டியிருந்த விதம் எனக்கு உறுத்தியது. எந்த ஸ்டிக்கர் கடைக்காரனும் கண்ணாடியோடு நிறுத்திவிடுவான். இது கண்ணாடியில் பாதி, கூரைத் தகட்டில் பாதியாக, இரண்டும் சேருகிற இடுக்கை மூடிக்கொண்டு கிடந்தது.

இதைப் பிரித்துப் பார்த்தால்தான் முழுசாகத் தெரியும் என்றேன். தங்கப்பொண்ணு என்னைப் பார்த்த பார்வையில் நான் கையிலிருந்த பிளேடைக் கீழே வைத்துவிட்டேன்.

“சாமி பேர்ல பிளேடு வைப்பீங்களா?” என்றாள். வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அந்த ஐப்பசியிலும் கார்த்திகையிலுமாக அவள் என் கடைக்கு நான்கு முறை வந்தாள். சண்டை போட வருகிறவர்களும் எந்நேரமும் சண்டை போட்டுக்கொண்டே இருக்க முடியாது. பேஸ்ட் காய்கிற வரைக்கும் உட்கார வேண்டும், டீ குடிக்க வேண்டும், அப்போது பேச்சு வரும். இனி நான் சொல்கிறது அப்படிக் கேட்டதுதான்.

திருமங்கலத்துக்கு மேற்கே ஒரு சின்ன ஊர். சொந்தமாக ஒரு சென்ட் நிலம் இல்லை, அடுத்தவர் வயலில் கூலிக்குப் போகிற குடும்பம். தங்கப்பொண்ணுக்குப் பதின்மூன்று வயதாகும்போது அம்மா செத்துப்போனாள். தம்பிக்கு அப்போது ஐந்து வயது. அப்பன் இருந்தும் இல்லாத மாதிரிதான். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுப் பருத்தி எடுக்கவும் களை எடுக்கவும் போனாள். தம்பியைப் பாலிடெக்னிக் வரைக்கும் படிக்கவைத்தது அந்தக் கூலிதான். கல்யாணம் பேச வந்தபோதுகூட, தம்பி படிப்பு முடிகிற வரைக்கும் மாசாமாசம் ஏதாவது கொடுப்பேன், அதற்குச் சம்மதமென்றால் பேசுங்கள் என்று மாப்பிள்ளையிடமே சொன்னாளாம். மாப்பிள்ளை மருது லோடு வேன் ஓட்டுகிறவர், நல்ல மனுஷர். சரி என்றார், சொன்னபடி நடந்தும் கொண்டார்.

தம்பி படித்து முடித்து, திருமங்கலத்தில் டிராக்டர் விற்கிற கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தான். வீடு கட்டினான். ஒரு கார் வாங்கி டிரைவர் போட்டு வாடகைக்கு விட்டான். இந்தப் பக்கம் மருதுவுக்கு மூட்டை இறக்கி இறக்கி முதுகுத்தண்டு போய்விட்டது. ஸ்டியரிங் பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மகள் முத்துமீனா நர்சிங் சேர்ந்திருந்த நேரம். வீட்டில் ஒருத்தர் ஓட்டித்தான் ஆக வேண்டும் என்று முப்பத்தெட்டு வயதில் தங்கப்பொண்ணு டிரைவிங் ஸ்கூலுக்குப் போனாள். கூடப் படித்ததெல்லாம் மீசை முளைக்காத பையன்கள். முதல் நாள் கிளட்சை விட்ட வேகத்தில் வண்டி ஒரு இளநீர்க் கடைக்குள் போய் நின்றதாம். அந்தக் கடைக்காரர் இப்போதும் தன்னைப் பார்த்தால் இளநீர்க் குலையை உள்ளே எடுத்து வைக்கிறார் என்று சொல்லிச் சிரித்தாள். நான்கு வருடம் அடுத்தவர் வண்டிக்கு டிரைவராக ஓடினாள். பிறகு கழுத்திலும் காதிலும் கிடந்ததை விற்று, தம்பியின் காரை வாங்கினாள்.

வண்டி வாங்கிய நாளைப் பற்றி அவள் சொன்னதை அப்படியே சொல்ல வேண்டும், ஏனென்றால் கதையே அதில்தான் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் பெண்ணைக் கட்டிக்கொடுத்துவிட்டால் அவளுக்குப் புருஷன் வீட்டுச் சாமிதான் குலசாமி. பொறந்த வீட்டுச் சாமி பாத்தியப்படாது. சிவராத்திரிக்குக் கோயில் வரி போடும்போது தலைக்கட்டு என்று எண்ணுவது ஆண்பிள்ளைகளைத்தான். கட்டிக்கொடுத்த பெண் போனால் ஓரமாக நின்று கும்பிட்டுவிட்டுத் திருநீறு வாங்கிக்கொண்டு வரலாம், அவ்வளவுதான். தங்கப்பொண்ணுக்கு அதில் ரொம்ப நாள் மனக்குறை. அம்மா செத்த பிறகு தாயும் தகப்பனுமாகப் பொறந்த வீட்டுச் சோணைச்சாமியைத்தான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். தாலி ஏறியதும் அந்தச் சாமியும் அடுத்த வீட்டுச் சாமியாகிவிட்டது.

வண்டி எடுக்கப் போன அன்று தம்பி வாசலில் நின்று ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தானாம். கடை ஆள் இல்லை, அவனே தன் கையால், துணியை வைத்து நீவி நீவி ஒட்டினான். “வரி எல்லாம் இருக்கட்டும்க்கா, இனி நம்ம சாமி உனக்கு முன்னாடி போகும்” என்று சொன்னான். இதைச் சொல்லும்போது தங்கப்பொண்ணுக்குக் கண் நிறைந்துவிட்டது. அன்றைக்கு வண்டியைச் சுற்றிக்கூடப் பார்க்கவில்லை அண்ணே, சாவியை வாங்கிக் கண்ணில் ஒத்திக்கொண்டு ஏறி உட்கார்ந்துவிட்டேன் என்றாள். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். இது தானம்கூட இல்லை, முழு விலை கொடுத்து வாங்கியது. இருந்தும் அவள் பார்க்கவில்லை.

நான் தரையைப் பார்த்துக்கொண்டு டீயைக் குடித்தேன். கூரையில் பாதி, கண்ணாடியில் பாதி ஒட்டியிருந்த அந்த ஸ்டிக்கர் என் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு அப்போதே முக்கால்வாசி புரிந்துவிட்டது. வாயைத் திறக்க மனம் வரவில்லை. என் பேச்சு பொய்யானால் எனக்குப் போவது ஒரு டப்பா பேஸ்ட். நிஜமானால் அவளுக்குப் போவது பொறந்த வீடு. பொறந்த வீடு என்று அவளுக்கு இருந்தது அந்தத் தம்பி ஒருத்தன்தான்.

கார்த்திகையில் ஒரு முகூர்த்த நாள். வண்டியூரில் ஒரு கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டுப் பெண்களை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறாள். வழியில் மழை பிடித்துக்கொண்டது. முன் சீட்டில் இருந்த அம்மாளின் பட்டுச்சேலை மேல் கூரையிலிருந்து நூல் மாதிரித் தண்ணீர் இறங்கியிருக்கிறது. அந்த அம்மாள் கத்த ஆரம்பித்த நேரம் பார்த்து தண்ணீர் டேஷ்போர்டுக்குள் இறங்கி, ஹார்ன் தானாக அலற ஆரம்பித்துவிட்டது. தெப்பக்குளத்தின் நான்கு பக்கமும் கேட்கும்படி ஹார்ன் அடித்துக்கொண்டே கல்யாண வண்டி போய் நின்றது. நாதஸ்வரக்காரர்கள் வாசிப்பதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்களாம். கடைசியில் மழையில் நனைந்துகொண்டே பானெட்டைத் திறந்து பேட்டரி ஒயரைப் பிடுங்கிப் போட்டிருக்கிறாள். திரும்பும் வாடகை கிடைக்கவில்லை. சேலைக்குப் பதில் சொல்லு என்று அவர்கள் பிடித்துக்கொண்டதும் நடந்தது.

மறுநாள் காலையில் எலக்ட்ரீஷியன் பில்லையும் சேர்த்து எடுத்துக்கொண்டு என் கடைக்கு வந்தாள். இந்தத் தடவை கத்தவில்லை. தம்பி பேச வேண்டுமாம் என்று போனை ஸ்பீக்கரில் போட்டு என் மேஜைமேல் வைத்தாள்.

அழகுபாண்டி எடுத்த எடுப்பிலேயே, “ஏங்கண்ணே, பொம்பள ஆளுன்னா ஏமாத்திரலாம்னு பாக்குறீங்களா? கேரண்டி குடுத்தது நீங்கதானே? நுகர்வோர் கோர்ட்டுக்குப் போனா கடையை மூட வேண்டியிருக்கும்” என்றான்.

எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது. அன்றைக்குத் துருவைக் காட்டினேனா இல்லையா என்று கேட்டேன். காட்டவே இல்லை என்றான், கொஞ்சம்கூடத் தடுமாறவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவன் குரல் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் கேட்டேன். தங்கப்பொண்ணு தம்பி பேசப் பேசத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். தனக்காக வாதாட ஒரு ஆள் இருக்கிறான் என்ற நிறைவு அவள் முகத்தில் தெரிந்தது.

போனை வைத்ததும் ஒரே ஒரு காரியம் செய்யச் சொன்னேன். நீ வண்டிக்குள் உட்காரு, நான் வெளியே தண்ணீர் விடுகிறேன், எங்கே ஒழுகுகிறது என்று உன் கண்ணால் பார். என் பேஸ்ட் விட்டிருந்தால் கண்ணாடி, எலக்ட்ரீஷியன், பட்டுச்சேலை எல்லாம் என் செலவு. அவள் ஒத்துக்கொண்டு டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

குழாயைத் திறந்து முதலில் கீழ்ப்பக்கம் பிடித்தேன், ஐந்து நிமிஷம். சொட்டு இல்லை. இடது பக்கம், வலது பக்கம், அங்கேயும் இல்லை. கண்ணாடிக்கு அந்தப்புறம் அவள் கையை ஆட்டி இல்லை, இல்லை என்று காட்டிக்கொண்டிருந்தாள். பிறகு மேலே, சாமி பெயர் ஒட்டியிருந்த இடத்தில் தண்ணீரைப் பிடித்தேன். வெயிலில் காய்ந்து ஸ்டிக்கரின் மேல் ஓரம் அங்கங்கே தூக்கிக்கொண்டிருந்தது. அரை நிமிஷம் ஆகியிருக்காது, அவள் ஆட்டிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. கூரைத் துணியை நனைத்துக்கொண்டு தண்ணீர் நேராக அவள் மடியில் இறங்கியது. அவள் நகரவே இல்லை. நான் குழாயை மூடிய பிறகும் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

இறங்கி வந்து, “பிரிச்சா சாமிகுத்தம் ஆயிராதா அண்ணே?” என்று கேட்டாள்.

குத்தம் என்மேல் வரட்டும், நான் பிரிக்கிறேன் என்றேன். வேண்டாம் என்றாள். என் கடைக் குழாயில் கை கால் கழுவினாள். சாமி படத்துக்கு முன்னால் இருந்த டப்பாவிலிருந்து ஒரு சூடம் கேட்டு வாங்கி, வண்டிக்கு முன்னால் தரையில் ஏற்றி வைத்தாள். கைகூப்பிக்கொண்டு ஏதோ முணுமுணுத்தாள். அது அணைகிற வரைக்கும் காத்திருந்தாள். அதற்குப் பிறகு நான் சூடான காற்று காட்டக் காட்ட, அவளே நகத்தால் ஓரத்தைக் கிளப்பி, ஒரு எழுத்துகூடக் கிழியாமல் பொறுமையாக உரித்து எடுத்தாள்.

ஸ்டிக்கருக்கு அடியில் கண்ணாடி ஓரத்து ரப்பரே இல்லை. ஸ்டிக்கர் மேடு தட்டாமல் உட்கார அதை அறுத்து எடுத்திருந்தார்கள். கூரைத் தகட்டில் நான்கு விரல் நீளத்துக்கு ஓட்டை, பக்கத்தில் இன்னும் இரண்டு. அதற்குள் ஓட்டை அடைக்கிற பட்டி மாவை அப்பி, அதற்குமேல் வீட்டு பாத்ரூமுக்கு வைக்கிற வெள்ளைப் பசையைப் பூசி, வெளியே தெரியாமல் இருக்க வண்டி நிறத்திலேயே பெயிண்ட் தொட்டிருந்தார்கள். என் விரலை வைத்ததும் பட்டி ஈரப் பிஸ்கட் மாதிரி உள்ளே போய்விட்டது. இத்தனை நாள் மழைக்கும் வண்டிக்கும் நடுவில் இருந்தது அந்த ஸ்டிக்கர் ஒன்றுதான்.

என் பேச்சுதான் ஜெயித்தது. டீக்கடையில் நின்றவர்கள்கூட, பார்த்தியா, அண்ணன் சொன்னது சரி என்றார்கள். எனக்குச் சந்தோஷமே வரவில்லை. இந்த அம்மாள் இன்னும் கொஞ்ச நாள் என்னையே திட்டிக்கொண்டு இருந்திருக்கலாம் என்றுதான் தோன்றியது.

தானாடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பது சும்மா இல்லை. தங்கப்பொண்ணு அப்போதும் தம்பியைத்தான் காப்பாற்றப் பார்த்தாள். அவனுக்குத் தெரிந்திருக்காது, வண்டி ஓட்டிய டிரைவர் செய்திருப்பான், அவன் ஒரு களவாணிப் பயல் என்றாள். சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்தினாள். ஸ்டிக்கரை ஒட்டியது யார் என்று அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். துணியை வைத்து நீவி நீவி ஒட்டியதைப் பக்கத்தில் நின்று பார்த்தவள் அவள். ரப்பர் இல்லாததும் ஓட்டையும் கைக்குத் தட்டுப்படாமல் அதை அப்படி ஒட்டியிருக்க முடியாது.

போனை எடுத்துத் தம்பியைக் கூப்பிட்டாள். கண்ணாடிக் கடைக்கு வா என்று மட்டும் சொன்னாள். பிறகு என் கடை ஸ்டூலில் உட்கார்ந்து, உரித்த ஸ்டிக்கரை மடிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மருது இரண்டு தடவை போன் செய்தார். இரண்டு தடவையும் எடுத்து, ஒன்றுமில்லை, மத்தியானம் வருகிறேன், மாத்திரையைப் போடுங்கள் என்று சாதாரணமாகப் பேசினாள்.

அழகுபாண்டி முக்கால் மணி நேரத்தில் பைக்கில் வந்தான். கம்பெனிச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை. வரும்போதே என்னைப் பார்த்து, என்ன அண்ணே, வழிக்கு வந்தீங்களா என்பது போல ஒரு சிரிப்புச் சிரித்தான். வண்டியின் கூரையைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது.

முதலில் அவனும் டிரைவரைத்தான் இழுத்தான். அவள் ஸ்டிக்கரைத் தூக்கிக் காட்டினாள். அவன் என் பக்கம் பார்த்தான், டீக்கடைப் பக்கம் பார்த்தான், குரலைத் தணித்துக்கொண்டான். பழைய வண்டி என்றால் நாலு குறை இருக்கத்தான் செய்யும் என்றான். போன வருஷ மழைக்கே ஒழுகியதாம். டிங்கர் கூரையின் முன்பக்கத்தையே வெட்டி வெல்டிங் வைக்க வேண்டும் என்று பெரிய தொகை கேட்டானாம். வீட்டு லோன் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்த நேரமாம்.

“என்கிட்ட சொல்லியிருந்தா அப்பவும் இதே வெலைக்குத்தான்டா வாங்கியிருப்பேன்” என்றாள் தங்கப்பொண்ணு.

அவள் கத்தியிருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும். இந்த ஒரு வார்த்தையில் அவனுக்கு ஆத்திரம் வந்துவிட்டது. தப்பு செய்தவனுக்கு வருகிற ஆத்திரம் தனிதான்.

“சொன்னா மச்சான் வாங்க விட்டுருப்பாரா? வெளிய வித்தா வாரவன் மெக்கானிக்கைக் கூட்டிட்டு வந்து ஒண்ணு விடாமப் பிரிச்சுப் பாப்பான்க்கா. நீன்னா சாமி பேர்ல கை வைக்க மாட்டேன்னுதான்…”

அவனே நிறுத்திக்கொண்டான். நிறுத்தி என்ன பயன், வர வேண்டியது வெளியே வந்துவிட்டது. என் கையிலிருந்த துணியை நான் காரணமில்லாமல் பிழிந்துகொண்டிருந்தேன். டீக்கடைக்காரர் ரேடியோவைக் குறைத்துவிட்டார்.

“அதுக்குத்தான் ஒட்டுனியா?” என்று கேட்டாள்.

அவன் தரையைப் பார்த்தான். தங்கப்பொண்ணு அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இல்லைக்கா என்று ஒரு பொய் சொல்லமாட்டானா என்று அவள் காத்திருந்த மாதிரி எனக்குப் பட்டது. சொல்லியிருந்தால் நம்பியும் இருப்பாள். அவனுக்கு அந்தப் பொய் சொல்லக்கூடத் தோன்றவில்லை.

அவன் பின்பாக்கெட்டிலிருந்து பர்ஸை எடுத்தான். முகத்தில் ஒரு மாதிரி தெளிவு வந்திருந்தது, இனி இது காசு விஷயம், காசு விஷயம் என்றால் தீர்த்துவிடலாம் என்பது போல. என்னைப் பார்த்துத்தான் கேட்டான், அக்காவைப் பார்க்கவில்லை.

“அம்புட்டுக்கும் எவ்வளவு ஆகும் அண்ணே? டிங்கர் கூலி, எலக்ட்ரீஷியன், அந்தச் சேலை எல்லாம் சேத்துச் சொல்லுங்க. நான் குடுத்துர்றேன்.”

நியாயமாகப் பார்த்தால் அதுதான் நியாயம். மறைத்து விற்றவன்தான் செலவை ஏற்க வேண்டும். ஒரு மாதமாக நான் கத்திக்கொண்டிருந்ததும் அதுதான். துருவைப் பில்லில் எழுதாத தோஷத்துக்கு என் கூலியை நான் விட்டுக்கொடுக்கலாம், மிச்சம் அவன் தலையில்தான் விடிய வேண்டும். நான் மனதுக்குள் ஒரு தொகையைக் கூட்டிக்கூடப் பார்த்துவிட்டேன்.

“வாங்காதீங்கண்ணே” என்றாள் தங்கப்பொண்ணு.

ஸ்டூலிலிருந்து எழுந்து அவன் பக்கத்தில் போய் நின்றாள். அவனைவிட ஒரு சாண் குட்டை. இடுப்பில் வைத்துச் சோறு ஊட்டிய பிள்ளை.

“நீ காசைக் குடுத்துட்டா இது வண்டி ரிப்பேரோட தீந்து போயிரும்டா பாண்டி. இது தீரக் கூடாது. என் வண்டிக்கு நானே குடுத்துக்கிர்றேன். நீ கெளம்பு.”

அவன் பர்ஸைத் திறந்தபடியே நின்றான். நோட்டுகளை உருவி என் பக்கம் நீட்டினான், நீங்களாவது வாங்கிக்கொள்ளுங்கள் என்று கண்ணாலேயே கெஞ்சினான். இருபத்திரண்டு வருடத் தொழிலில் நீட்டிய காசை நான் வேண்டாமென்று சொன்னதில்லை. அன்றைக்கு இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டேன். அவள் வண்டிச் சாவியை ரிப்பேருக்கென்று என் மேஜைமேல் வைத்துவிட்டு, எலக்ட்ரீஷியன் பில்லை மடித்துத் தன் காக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பழங்காநத்தம் பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தாள். அவன் அக்கா என்று கூப்பிட்டான். இரண்டாவது தடவையும் கூப்பிட்டான். அவள் திரும்பவில்லை.